ஆறாம் நாள் எடுத்த படம்: பிறந்ததும் அழாத ஒரு குழந்தையின் நிகழ்வு ஆய்வு

"பிறந்ததும் அழல டாக்டர்."

குழந்தையோடு ஆம்புலன்ஸிலிருந்து இறங்கிய நர்ஸ் முதலில் சொன்னது இதைத்தான். மீதி விவரம் கையிலிருந்த சீட்டில் இருந்தது. பெண் குழந்தை, 39 வாரம், 2.9 கிலோ. அம்மாவுக்கு முதல் பிரசவம். வலி வந்து வெகுநேரமாகியும் தலை இறங்கவில்லை. பனிக்குட நீர் பச்சையாக வந்தது. குழந்தையின் இதயத் துடிப்பு விட்டுவிட்டுக் குறைந்ததால் சிசேரியன் செய்திருக்கிறார்கள். பிறந்த குழந்தையின் நிலையைப் பத்துக்கு மதிப்பிடும் ஆப்கார் மதிப்பெண் ஒரு நிமிடத்தில் 3, ஐந்து நிமிடத்தில் 4, பத்து நிமிடத்தில் 6. முகமூடி வைத்துப் பையை அழுத்தித்தான் மூச்சு கொடுத்திருக்கிறார்கள். ஐந்தாவது மணி நேரத்தில் வலிப்பு. எங்களிடம் வந்து சேரும்போது பிறந்து எட்டரை மணி நேரம் ஆகியிருந்தது.

இந்தக் குழந்தையைப் பற்றி எழுதக் காரணம் இருக்கிறது. அவளுடைய எம்.ஆர்.ஐ. படத்தை நான் தப்பாகப் படிக்கவில்லை. நான் சொன்னபடியே நடந்தது. ஆனாலும் ஆறரை வயதில் அவளை அழைத்துக்கொண்டு அம்மா மறுபடி என் முன்னால் வந்து உட்கார்ந்தபோது, அந்தப் படத்தில் இருந்ததில் பாதியைத்தான் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன் என்று தெரிந்தது. அந்த மறுபாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. குழந்தை யாரென்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதல் ஐந்து நாட்கள்

வந்தபோது துவண்டு கிடந்தாள். தூண்டினால் கண்ணைத் திறப்பாள், உடனே மூடிக்கொள்வாள். பால் உறிஞ்சத் தெம்பில்லை. கண்மணிகள் சுருங்கியிருந்தன. வலிப்புக்குப் பீனோபார்பிடோன் கொடுத்துத்தான் அனுப்பியிருந்தார்கள். பிறக்கும்போது ரத்தமும் ஆக்சிஜனும் குறைந்து மூளை அடிபட்ட குழந்தைகளுக்கு 1976-இல் ஹார்வி சார்னட், மார்கரெட் சார்னட் இருவரும் வகுத்த மூன்று நிலைகளின்படி இது இரண்டாம் நிலை. முதல் நிலைக் குழந்தைகள் பெரும்பாலும் தேறிவிடுவார்கள். மூன்றாம் நிலை என்றால் பெரும்பாலும் உயிரிழப்பு, இல்லாவிட்டால் கடுமையான பாதிப்பு. நடுவில் இருக்கிற இந்த இரண்டாம் நிலைதான் பெற்றோரையும் எங்களையும் தூங்கவிடாது. எந்தக் குழந்தை எந்தப் பக்கம் போகும் என்று தொட்டுப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது.

உடலை 33.5 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்து 72 மணி நேரம் அப்படியே வைத்திருக்கும் சிகிச்சை ஒன்று உண்டு. வார்டில் நாங்கள் கூலிங் என்போம். அதைப் பிறந்து ஆறு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 1980-களில் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஆஸ்மண்ட் ரெனால்ட்ஸ் குழுவினர், இப்படி மூச்சுத்திணறிப் பிறந்த குழந்தைகளின் மூளையைப் பாஸ்பரஸ் ஸ்பெக்ட்ரோஸ்கோபியில், அதாவது உள்ளே இருக்கும் வேதிப்பொருட்களை வெளியிலிருந்தே அளக்கும் முறையில், பார்த்தார்கள். முதல் நாளில் மூளையின் ஆற்றல் இருப்பு ஏறக்குறைய சரியாக இருந்தது. அடுத்த ஓரிரு நாட்களில் அது இறங்கியது. மூச்சு மீண்டதும் மூளை கொஞ்ச நேரம் சமாளிக்கிறது, அப்புறம்தான் இரண்டாவது சரிவு வருகிறது. இடையில் கிடைக்கும் அந்த அவகாசத்தில் செய்ய வேண்டியதுதான் கூலிங். இவளுக்கு அந்த நேரம் தாண்டிப்போயிருந்தது. காய்ச்சல் ஏறாமல், சர்க்கரை இறங்காமல், வலிப்பு திரும்ப வராமல் பார்த்துக்கொண்டோம். நான்காம் நாள் லேசாகக் கை கால் அசைத்தாள்.

இரண்டாம் நாளே குழந்தையின் பெரியப்பா கேட்டார்: "ஸ்கேன் எடுத்துப் பார்த்துட்டா தெரிஞ்சிடுமே டாக்டரம்மா, ஏன் தள்ளிப் போடுறீங்க?" நியாயமான கேள்விதான். எம்.ஆர்.ஐ. என்பது எப்போது எடுத்தாலும் ஒரே மாதிரி இருக்கும் போட்டோ இல்லை. அடிபட்ட செல்கள் முதலில் வீங்குகின்றன, அங்கே நீர் நகர முடியாமல் நின்றுபோகிறது, அந்த இடம் டிஃப்யூஷன் படத்தில் பளிச்சென்று தெரிகிறது. முதல் 24 மணி நேரத்தில் எடுத்தால் காயம் இருப்பதைவிடச் சின்னதாகத் தெரியக்கூடும். மூன்றிலிருந்து ஐந்து நாட்களில் நன்றாகத் தெரியும். ஒரு வாரம் வாக்கில் செல்கள் உடைந்து நீர் மறுபடி நகரத் தொடங்கும், படம் பார்க்க இயல்பாகிவிடும். காயம் ஆறியதாக நினைத்தால் ஏமாந்துபோவோம். கூலிங் செய்த குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு இன்னும் சில நாள் தள்ளிப்போகும். சாதாரண டி1, டி2 படங்களோ முதல் வாரத்தின் கடைசியில்தான் பேசத் தொடங்கும். இரண்டும் ஒருசேரக் கிடைக்கிற நாட்கள் குறைவு. இவளுக்கு ஆறாம் நாளைக் குறித்தோம்.

ஆறாம் நாள் காலை

ஸ்கேன் கட்டடம் வேறு பக்கம். இந்த வயதில் மயக்க மருந்து தேவையில்லை. பசியடக்கி, சுற்றிக் கட்டினால் தூங்கிவிடுவார்கள். தையல் வலியோடு நடக்கச் சிரமப்பட்ட அம்மா பாலைப் பிழிந்து கொடுத்தார். நர்ஸ் பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். பாட்டி கொண்டுவந்திருந்த பழைய நூல் சேலையைக் கிழித்துக் கைகளை உள்ளே வைத்து இறுக்கமில்லாமல் சுற்றினோம். காதுக்குப் பஞ்சு, அதன்மேல் நுரைப்பட்டை. அறைக்குள் நுழையும் முன் டெக்னீஷியன் துணியை ஒரு தடவை விலக்கிப் பார்த்தார். இடுப்பில் கறுப்புக் கயிறு, அதில் ஒரு சின்னத் தாயத்து. பாட்டிக்கு முகம் வாடிவிட்டது. "நீங்களே அவுத்து கையில வச்சுக்கங்க பாட்டி, வெளியில வந்ததும் கட்டிடலாம்" என்றேன். அந்த அரை மணி நேரமும் அதை உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்தார்.

படத்தில் நான் முதலில் தேடிய இடங்கள் இரண்டு. ஒன்று, மூளையின் நடுவில் ஆழத்தில் இருக்கும் தலாமஸும் பேசல் கேங்லியாவும். மற்றொன்று அவற்றுக்கு இடையே ஓடும் இன்டர்னல் கேப்சூலின் பின்பகுதி. மூளையின் மேற்பரப்பிலிருந்து கை கால்களுக்குக் கட்டளை இறங்கும் நரம்புகளெல்லாம் அந்தக் குறுகலான வழியில்தான் போகின்றன. நிறைமாதக் குழந்தைக்கு அங்கே நரம்புகளின் மேல் கொழுப்புறை ஏறத் தொடங்கியிருக்கும். அது டி1 படத்தில் சின்ன வெள்ளைக் கோடாகத் தெரியும். 1998-இல் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் மேரி ரதர்ஃபோர்ட் குழுவினர் 73 குழந்தைகளின் படங்களில் இந்தக் கோட்டைத் தேடினார்கள். கோடு இயல்பாக இல்லாத குழந்தைகள் எல்லாருக்கும் பின்னால் வளர்ச்சிக் குறைபாடு வந்தது. கோடு இயல்பாக இருந்தவர்களில் நான்கு பேரைத் தவிர மற்றவர்கள் நன்றாக இருந்தார்கள். மிகச் சீக்கிரம் படம் எடுத்த சில குழந்தைகளுக்குக் கோட்டின் குறை உடனே தெரியாமல், நாலு நாள் வரை கழித்துத்தான் தெரிந்தது என்பதும் அந்த ஆய்வில் இருக்கிறது. பெரியப்பாவுக்கு இதைத்தான் சொல்லியிருந்தேன்.

எங்கள் குழந்தைக்கு அந்த வெள்ளைக் கோடு இரண்டு பக்கமும் தெளிவாக இருந்தது. தலாமஸும் பேசல் கேங்லியாவும் சுத்தம். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அப்புறம்தான் மேலே பார்த்தேன். டிஃப்யூஷன் படத்தில், மூளையின் மேற்பரப்பை ஒட்டி, இரண்டு பக்கமும் வெள்ளைத் திட்டுகள். முன்பக்கம் கொஞ்சம். பின்னால், உச்சிக்கும் பிடரிக்கும் நடுவில், அதிகம். வலது பக்கம் கூடுதல்.

கடைமடை

காவிரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை. வாய்க்காலின் தலைப்பில் இருப்பவருக்குப் பாய்ச்சல் வந்துகொண்டேயிருக்கும், கடைசி வயலுக்குத்தான் எட்டாது. மூளையிலும் பெரிய ரத்தக் குழாய்களின் எல்லைகள் சந்திக்கும் இடங்கள் இப்படிக் கடைமடைகள்தான். பிரசவ வலி நீண்டு, மணிக்கணக்கில் ரத்தமும் ஆக்சிஜனும் குறைந்து குறைந்து வந்தால் அந்த ஓரங்கள் அடிபடுகின்றன.

மதகையே ஒரேயடியாக அடைத்துவிட்டால் கதை வேறு. கருப்பை கிழிவது, தொப்புள்கொடி முந்தி இறங்குவது, நஞ்சுக்கொடி பிரிவது போன்ற திடீர் நிகழ்வுகளில் எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் நின்றுபோகிறது. அப்போது முதலில் வாடுவது அதிகத் தண்ணீர் குடிக்கிற பயிர். பிறக்கும் நேரத்தில் மூளையில் மிக மும்முரமாக வேலை செய்பவை தலாமஸும் பேசல் கேங்லியாவும், அசைவுக்கான மேற்பரப்புப் பகுதியும். அங்கே அடிபட்டால் கை கால் இறுக்கமோ கட்டுப்பாடில்லாத அசைவோ வருகிறது, பால் விழுங்குவதே சிரமமாகிறது.

இவளுடையது கடைமடைக் காயம். நடக்கும் வழிக்குச் சேதமில்லை. யோசிப்பது, கவனிப்பது, கண்ணால் பார்த்ததைப் புரிந்துகொள்வது ஆகியவற்றுக்கான ஓரங்களில்தான் சேதம்.

மாலையில் குடும்பத்தை உட்கார வைத்துப் பேசினேன். அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நடப்பாளா டாக்டர்?"

"நடப்பா தம்பி. கை காலுக்குப் போற வழி படத்துல நல்லா இருக்கு."

பாட்டி கும்பிட்டார். அம்மா அழுதார். அதற்கு மேல், "படிப்புல, கவனத்துல கொஞ்சம் பார்த்துக்கணும், தொடர்ந்து கூட்டிட்டு வாங்க" என்றும் சொன்னேன். சொன்னேன்தான். ஆனால் முதல் வாக்கியத்தை அழுத்திச் சொல்லிவிட்டு, இரண்டாவதை எழுந்துகொண்டே சொன்னேன். அவர்கள் காதில் விழுந்தது முதல் வாக்கியம் மட்டும்.

வளர்ச்சிக் குறிப்பேடு

மூன்று மாதத்தில் அவளை மல்லாக்கப் படுக்க வைத்து வீடியோ எடுத்தோம். அந்த வயதில் கை, கால், கழுத்து எல்லாம் சின்னச் சின்னதாகத் துறுதுறுவென்று அசைய வேண்டும். அசைந்தது. மூளை முடக்குவாதம் வர வாய்ப்பு குறைவு என்பதற்கு அது நல்ல அடையாளம். நாலரை மாதத்தில் கழுத்து நின்றது, எட்டு மாதத்தில் உட்கார்ந்தாள், பதினான்காம் மாதம் நடந்தாள். வலிப்பு மருந்தை எப்போதோ நிறுத்தியிருந்தோம். குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கண்டுபிடிக்கும் மாவட்ட மையமான டி.இ.ஐ.சி.யில் பதினெட்டு மாதத்தில் செய்த வளர்ச்சி மதிப்பீட்டில் அசைவும் பேச்சும் வயதுக்கேற்ப இருந்தன.

ஒரு விஷயம் மட்டும் அட்டையில் இருந்தது. தலைச் சுற்றளவு பிறப்பில் 34 செ.மீ., சரியாக நடுக்கோட்டிலேயே. ஒரு வயதில் 43.5 செ.மீ., அதாவது ஒரு கோடு கீழே. இயல்பின் எல்லைக்குள்தான். ஆனால் கடைமடைக் காயம் பட்ட குழந்தைக்குத் தலை இப்படிக் கோடு மாறுவது, உள்ளே மூளை எதிர்பார்த்த அளவு வளரவில்லை என்பதன் குறிப்பு. புள்ளியை வைத்தது நான்தான். அதைப் பற்றி அவர்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

பதினெட்டு மாதத்துக்குப் பிறகு அவர்கள் வரவில்லை. நடக்கிறாள், பேசுகிறாள், எதற்கு வர வேண்டும்?

செருப்புக் குவியல்

ஆறரை வயதில் வந்தாள். ஒன்றாம் வகுப்பு டீச்சர் நோட்டில் எழுதி அனுப்பியிருந்தார்: பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதுவதில்லை, வாயால் கேட்டால் பதில் சொல்கிறாள். கண் டாக்டரிடம் காட்டியிருந்தார்கள், பார்வை தெளிவாக இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். "சோம்பேறித்தனம்" என்று வீட்டில் முடிவு செய்து, இரண்டு மாதமாகத் திட்டும் அடியும் நடந்திருக்கிறது. அம்மா இதைச் சொல்லும்போது குழந்தை மேஜை விளிம்பை நிமிண்டிக்கொண்டிருந்தாள்.

நான் பொதுவாகத்தான் கேட்டேன், "வேற என்னம்மா கஷ்டப்படுறா?" அம்மா கொஞ்சம் யோசித்தார். "ஸ்கூல் விட்டா செருப்பு தேடுறதுதான் மேடம். கதவுக்கிட்ட எல்லாப் பிள்ளைங்க செருப்பும் கிடக்கும். இவ செருப்பு கண்ணு முன்னாடியே இருக்கும், அத்தனை பேரும் போட்டுட்டுப் போற வரைக்கும் நின்னுட்டு, கடைசியா மிச்சம் கிடக்கறதைப் போட்டுட்டு வருவா."

நெஞ்சு திக்கென்றது. கண் பார்க்கிறது, குவியலில் இருந்து ஒன்றைப் பிரித்தெடுக்க மூளையால் முடியவில்லை. தனியாகக் கிடந்தால் தெரிகிறது, கும்பலில் கிடந்தால் தெரிவதில்லை. மேஜையில் தாளைப் போட்டு, மூன்று வரிசைப் புள்ளி வைத்துச் சின்னக் கோலம் ஒன்றைப் போட்டுக் காட்டி, அதேபோல் போடச் சொன்னேன். புள்ளிகளை அழகாக வைத்தாள். கோட்டை வளைத்துக்கொண்டு போகும்போது எந்தப் புள்ளியைச் சுற்றினோம் என்பது நழுவிப்போனது. மூன்று முறை முயன்று, பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். வெளியே வரும்போது படிக்கட்டில் கடைசிப் படி எங்கே முடிகிறது என்று காலால் தடவிப் பார்த்தாள்.

இந்தியக் குழந்தைகளுக்கான மிசிக் அறிவுத்திறன் சோதனையில் (சராசரி 100) மொழிப் பகுதியில் 94, செயல் பகுதியில் 71. மறுபடி எம்.ஆர்.ஐ. எடுத்தோம். மூளையின் பின்பக்க மடிப்புகள் அடியில் சுருங்கி, மேலே காளான் குடைபோல நின்றன. இதை உலெகைரியா என்போம், நிறைமாதக் குழந்தையின் கடைமடைக் காயம் ஆறிய தழும்பு. பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். ஆறாம் நாள் வெள்ளையாக மின்னிய அதே இடங்கள். வலது பக்கம் கூடுதல் என்பது உட்பட.

எண்கள் எதைச் சொல்கின்றன

படத்தின் முன்கணிப்பு பலவீனமானது என்று இதைப் படித்து யாரும் நினைத்துவிடக் கூடாது. கூலிங் சிகிச்சையின் பெரிய ஆய்வுகளில் ஒன்றான டோபியில் 325 குழந்தைகள் இருந்தார்கள், 131 பேரின் படங்களை 2010-இல் தனியே ஆராய்ந்தார்கள். குளிர்வித்தாலும் குளிர்விக்காவிட்டாலும் படத்தின் துல்லியம் ஏறக்குறைய ஒரே அளவுதான், 0.84-உம் 0.81-உம் (1 என்றால் முழுத் துல்லியம்). 2019-இல் வந்த மார்பிள் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் எட்டு தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கூலிங் செய்த 223 குழந்தைகளுக்கு ஸ்கேனோடு ஸ்பெக்ட்ரோஸ்கோபியும் செய்தார்கள். நரம்பணுக்களுக்குள் மட்டும் நிறைய இருக்கும் என்.ஏ.ஏ. என்ற பொருள் தலாமஸில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார்கள். நரம்பணுக்கள் அழிந்தால் அது குறையும். அந்த அளவு கிடைத்த 82 குழந்தைகளில், பாதிப்பு வந்த ஒருவரையும் அது தவறவிடவில்லை. நன்றாக இருந்தவர்களில் 97 சதவீதம் பேரைச் சரியாகப் பிரித்துக் காட்டியது. எங்கள் ஸ்கேன் மையத்தில் இந்த அளவீட்டுக்கு வசதி இருந்ததில்லை. இருந்திருந்தாலும் இவளுடைய தலாமஸ் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருக்கும்.

கவனிக்க வேண்டியது இதுதான்: டோபி பார்த்தது பதினெட்டு மாத வயதில். மார்பிள் பார்த்தது இரண்டு வயதை ஒட்டி. இவளை எந்த ஆய்வில் சேர்த்திருந்தாலும் 'நல்ல விளைவு' என்ற பக்கத்தில்தான் எண்ணியிருப்பார்கள். பதினெட்டு மாதக் குழந்தை செருப்புக் குவியலில் தன் செருப்பைத் தேட வேண்டியதில்லை, பலகையைப் பார்த்து எழுத வேண்டியதில்லை. மூளையின் அந்த ஓரங்களுக்கு வேலை வருவதே பள்ளிக்கூடம் போன பிறகுதான். பிரிஸ்டலில் கூலிங் செய்து, மூளை முடக்குவாதம் இல்லாமல் வளர்ந்த பிள்ளைகளை ஆறிலிருந்து எட்டு வயதில் சோதித்தபோது, சக பிள்ளைகளைவிட அறிவுத்திறன் மதிப்பெண்களில் பின்தங்கியிருந்தார்கள். 2009-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, கடைமடைக் காயம் கூடக் கூட நாலு வயதில் மொழித்திறன் குறைவதைக் காட்டியது. இவளுக்கு மொழி தப்பித்தது, காட்சி அடிபட்டது. காயம் முன்பக்கம் குறைந்து பின்பக்கம் கூடியிருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

நம் பக்கத்துக்கு இது இன்னும் முக்கியம். இந்தியா, இலங்கை, வங்காளதேசம் மூன்றிலும் ஏழு மருத்துவமனைகளில் 408 குழந்தைகளை வைத்து நடந்த ஹீலிக்ஸ் ஆய்வில் சென்னையும் பங்கெடுத்தது. இம்பீரியல் காலேஜின் சுதின் தையில் தலைமையில் நடந்த அதன் முடிவு 2021-இல் வந்தது. கூலிங் செய்தவர்களில் 42 சதவீதம் பேர் இறந்தார்கள், செய்யாதவர்களில் 31 சதவீதம். பணக்கார நாடுகளில் உயிர் காத்த சிகிச்சை இங்கே ஏன் காக்கவில்லை? அந்தக் குழந்தைகளின் ஸ்கேன்களில், மேற்பரப்புக்கு அடியில் நரம்பிழைகள் ஓடும் வெள்ளைப் பகுதியில் காயங்கள் அதிகம் தெரிந்தன. மதகு திடீரென்று அடைபட்டதைவிட, வெகுநேரம் நீர்வரத்து குறைந்திருந்த குழந்தைகளே நம்மிடம் அதிகம் என்று அதைப் படிக்கலாம். அப்படியென்றால் இந்தப் பெண்ணைப் போன்ற பிள்ளைகளும் நம் ஊரில்தான் அதிகம் இருப்பார்கள், கால் நன்றாக இருக்கிறது என்று பாதியில் விட்டுப்போனவர்கள்.

மறுபக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். இவள் பிறந்த அதே வருடம், அம்மாவின் கருப்பை கிழிந்து பிறந்த ஒரு பையன். அவன் படத்தில் அந்த வெள்ளைக் கோடே இல்லை. நடப்பது கடினம் என்று சொன்னேன், அப்படித்தான் ஆனது. ஆனால் அவன் அப்பாவின் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே சிரிக்கிறான், கேள்விக்குக் கண்ணால் 'ஆமாம்', 'இல்லை' சொல்கிறான், அதுவும் சரியாக. கை கால் இவ்வளவு அடிபட்டவனுக்குப் புரிதல் இவ்வளவு இருக்கும் என்று நான் அந்தப் பெற்றோரிடம் சொல்லியிருக்கவில்லை.

இப்போது

இப்போதெல்லாம் ஆறாம் நாள் படத்தைப் பற்றி ஒரே உட்காரலில் பேசுவதில்லை. நடப்பதைப் பற்றி ஒரு நாள். படிப்பு, கவனம், பார்வைப் புரிதல் பற்றி இன்னொரு நாள், வேண்டுமென்றே தனியாக, அம்மா அப்பா இருவரையும் உட்காரவைத்து. டிஸ்சார்ஜ் தாளில் 'ஒன்றாம் வகுப்புக்கு முன் கட்டாயம் வரவும்' என்று வருடத்தோடு எழுதுகிறோம்.

அவளுக்குச் செய்தவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். முதல் பெஞ்ச். பலகையில் எழுதுவதை டீச்சர் வாய்விட்டுப் படிப்பது. ஒரு வரி மட்டும் தெரிகிற மாதிரி நடுவில் வெட்டிய அட்டை, அதைப் புத்தகத்தின் மேல் நகர்த்தி நகர்த்திப் படிக்கிறாள். பள்ளிக்கு வரும் சிறப்பாசிரியர் கணக்கு நோட்டில் ஒரு பக்கத்துக்கு இரண்டு கணக்குதான் எழுதித் தருகிறார். செருப்பைக் குவியலில் விடாமல் ஜன்னலுக்குக் கீழே தனியாக விடுகிறாள், வாரில் சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கிறது. ரிப்பன் கட்டியது பாட்டி.

போன மாதம் வந்தபோது அதே மூன்று வரிசைக் கோலத்தைப் போட்டுக் காட்டினாள். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றும்போதும் "இது முடிஞ்சுது" என்று வாயால் சொல்லிக்கொண்டே போட்டாள். நாலு நிமிடம் ஆனது, கோடு எங்கும் அறுபடவில்லை. மேல் வகுப்புப் புத்தகங்களில் எழுத்து சின்னதாகிவிடும், படங்களும் நெருக்கமாகிவிடும். அதனால் அடுத்த மதிப்பீட்டை அவள் மூன்றாம் வகுப்பு போகும் ஜூனில் வைத்திருக்கிறோம்.